லூர்து நகரில் எங்கே தங்குவது?

திருமணப் பொன்விழாக் காணும் தாய் தந்தையரை ஒருமுறை லூர்து நகருக்கு அழைத்துச் சென்று வரவேண்டும் என்னும் ஆவல் நம் பங்குகளில் பல இல்லங்களில் இன்று பேச்சாகியிருக்கிறது. வில்லியனூருக்கு ஆண்டு தவறாமல் போய் வந்தவர்கள், ஊர்க் கோயில் முற்றத்துக் கெபியின் முன் ஆயுளெல்லாம் செபமாலை சொன்னவர்கள், அந்தக் கெபிகளுக்கெல்லாம் மூலமான பாறையை நேரில் காண ஏங்குவதில் வியப்பில்லை. பிள்ளைகள் கூடிப் பேசுகிறார்கள். வளைகுடாவில் இருக்கும் மகன் விமானச் சீட்டுக்குப் பொறுப்பேற்கிறார்; ஊரில் இருக்கும் மகள் மற்றச் செலவைப் பகிர்ந்துகொள்கிறார். எந்த விமானம், எத்தனை கிலோ பெட்டி என்பவற்றை மாதக்கணக்கில் ஆராய்கிறவர்கள், எங்கே தங்குவது என்பதை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். "இரவு தலை சாய்க்க ஓர் அறை, அதற்கு இத்தனை யோசனையா?" என்பது அவர்கள் கேள்வி.

வேறு ஊராயின் இக்கேள்வியை நாமும் ஒப்புக்கொண்டிருப்போம். லூர்து நகரின் அமைப்பு அப்படிப்பட்டதன்று. அங்கே நீங்கள் படுக்கும் அறை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே, வயதான தாய் மெழுகுவர்த்திப் பவனியில் கலந்துகொள்வாரா அல்லது அறைச் சன்னலில் நின்று பாட்டோசையை மட்டும் கேட்பாரா என்பதைத் தீர்மானிக்கும்.

பிரான்சு நாட்டின் தென்மேற்கில், பிரனே மலைகளின் அடிவாரத்தில் உள்ள சிறிய நகரம் அது. 1858-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 முதல் சூலை 16 வரை பதினெட்டு முறை அன்னை பெர்னதெத்துக்குக் காட்சி தந்த மசபியேல் கெபி, காவ் என்னும் ஆற்றின் கரையில், ஊரின் தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. ரயில் நிலையம், சந்தை, பங்குக் கோயில் எல்லாம் மேட்டில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே பழைய கோட்டை ஒன்று பெரும் பாறைமீது நிற்கிறது. ஆக, ஊர் இரண்டு அடுக்கு. ரயில் நிலையத்திலிருந்து திருத்தலத்துக்கு இறங்கி வருவது ஏறக்குறைய இருபது நிமிட நடை. காலை வேளையில் அது இனிமையாகவே இருக்கும். அதே வழியை இரவு பத்தரை மணிக்கு, பவனி முடிந்து, மூட்டுவலியோடு ஏறிப் போகவேண்டும் என்பதை வரைபடம் சொல்லாது. வரைபடம் தட்டையானது, லூர்து தட்டையானதன்று.

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தந்தைக்கு வயது 76, சர்க்கரை நோய் உண்டு, நடை திடம். தாய்க்கு 72, மாடிப்படி என்றாலே முழங்கால் முந்திக்கொண்டு மறுக்கிறது. மகனும் மருமகளும் துணை. இந்த நால்வருக்கு இடம் தேடும்போது, விலையையோ நட்சத்திரத்தையோ முதலில் பார்த்தல் கூடாது. தாயின் முழங்காலை முதலில் பார்க்க வேண்டும். அடுத்தபடியாக, எந்த இரண்டு நேரங்களுக்காக இத்தனை தூரம் போகிறோம் என்று பார்க்க வேண்டும். ஒன்று இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் மெழுகுவர்த்திப் பவனி. மற்றொன்று, கூட்டம் வருமுன் கெபியருகே அமர்ந்திருக்கக் கிடைக்கும் விடியற்காலை. பகலில் நடப்பவற்றுக்கு எங்கிருந்தும் வந்து சேரலாம். இவ்விரண்டுக்கும் அருகில் இருப்பவர்களே எளிதில் வர முடியும்.

பவனியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அது நாள்தோறும் நடைபெறுகிறது. நோயாளிகள் சக்கர நாற்காலிகளில் முன்னே செல்ல, பல்லாயிரம் பேர் காகிதக் கூடிட்ட மெழுகுவர்த்தி ஏந்திப் பின்தொடர்வார்கள். செபமாலையின் மணிகள் பல மொழிகளில் மாறி மாறி ஒலிக்கும். ஒவ்வொரு பத்தின் முடிவிலும் "ஆவே" என்று கைகள் உயரும். சூன் மாதத்தில் அந்த ஊரில் சூரியன் மறைவதே இரவு ஒன்பதரைக்கு மேல்தான். ஆகவே வெளிச்சத்தில் தொடங்கும் பவனி இருளில் முடியும். திரிகள் மெல்ல மெல்ல ஒளி பெறுவதைக் கண்ணால் காணலாம். இதற்குப்பின் அறைக்குத் திரும்பும் வழி பத்து நிமிடமாக இருந்தால் தாய் மறுநாளும் வருவார். அரை மணி ஏற்றமாக இருந்தால், "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே செபம் சொல்கிறேன்" என்று சொல்லிவிடுவார். நம் தாய்மார் குறை சொல்ல மாட்டார்கள். அதனால்தான் நாம் முன்கூட்டியே கணக்கிட வேண்டியிருக்கிறது.

திருத்தலத்துக்குப் பல வாயில்கள் உண்டு. அவற்றுள் புனித மிக்கேல் வாயிலும் புனித சூசையப்பர் வாயிலும் முக்கியமானவை. மிக்கேல் வாயில் நீண்ட திறந்தவெளியின் ஒரு கோடியில் இருக்கிறது. அங்கிருந்து ஆலயங்களுக்கே கணிசமான தூரம் நடக்க வேண்டும். சூசையப்பர் வாயில் செபமாலை ஆலயத்து முற்றத்துக்கு அருகில் இருக்கிறது. ஆகவே விடுதிக்காரரிடம் "திருத்தலம் எவ்வளவு தூரம்?" என்று கேட்பது போதாது. "எந்த வாயில் அருகில்? அங்கிருந்து உங்கள் வாசல்வரை ஏற்றம் உண்டா? வாசலில் எத்தனை படிகள்?" என்று கேட்க வேண்டும். விளம்பரத்தில் காணும் மீட்டர்க் கணக்கு பெரும்பாலும் காகம் பறக்கும் தூரம். நம் தாய் காகமல்லர்.

வாயில்களை ஒட்டிய தெருக்களில் விடுதிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பாரிசுக்கு அடுத்தபடியாகப் பிரான்சில் மிகுதியான விடுதிகள் உள்ள ஊர் லூர்து என்று சொல்வார்கள். கீழ்த்தளமெல்லாம் சுரூபமும் செபமாலையும் தண்ணீர்ப் புட்டியும் விற்கும் கடைகள்; மேலே அறைகள். அழகை நாடிப் போகிறவர்களுக்கு இத்தெருக்கள் ஏமாற்றமளிக்கக்கூடும். கடைகளின் மினுமினுப்பு நமக்கும் உவப்பானதன்று. என்றாலும் வயது முதிர்ந்தவர்களோடு போகிறவர்கள் இங்கேயே தங்குவது நலம் என்றே சொல்வோம். மேட்டுப் பகுதியில் அறை மலிவு, அமைதி அதிகம், காலையில் ரொட்டிக் கடையில் ஊர் மக்களையும் காணலாம். இளந்தம்பதியர் போகிறார்களாயின் தயங்காமல் மேட்டையே தேர்ந்துகொள்ளட்டும்.

ஆற்றையொட்டிய விடுதிகளைப் பற்றியும் ஒரு சொல். 2012 அக்டோபரிலும் 2013 சூனிலும் காவ் ஆறு பெருக்கெடுத்துக் கெபியையும் கரையோர விடுதிகளையும் மூழ்கடித்தது. இரண்டாம் முறை சேதம் மிகப் பெரிது. இதைச் சொல்வது அச்சுறுத்துவதற்கன்று. கரையோரம் தங்குவதாயின் தரைத்தளத்து அறையைத் தவிர்த்து, மின்தூக்கியுள்ள கட்டடத்தில் மேல் அறையைக் கேட்டுப் பெறுக.

மின்தூக்கி என்றதும் மனம் நிறைந்துவிட வேண்டாம். பழைய கட்டடங்களில் அது இருவர் பெட்டியின்றி நிற்கும் அளவே இருக்கும்; சில இடங்களில் ஐந்தாறு படி ஏறிய பிறகே அதன் கதவைக் காண்பீர்கள். குளியலறையும் அப்படியே. உயர்ந்த விளிம்புள்ள தொட்டிக்குள் கால் தூக்கி வைத்து நின்று குளிப்பது முழங்கால் நோயாளிக்கு ஆபத்து. "தொட்டி வேண்டா, தரைமட்ட ஷவர் வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இராது. சிறிய பிளாஸ்டிக் குவளை ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. இருவர் கட்டில் என்று அங்கே கொடுப்பது பெரும்பாலும் 140 சென்டிமீட்டர் அகலமே. ஊரில் தனித்தனிக் கட்டிலில் உறங்கிப் பழகிய முதியவர்களுக்கு இரண்டு கட்டில் உள்ள அறையை முன்பே கேட்டு வாங்கலாம்.

மகன் நான்கு நட்சத்திர விடுதி வேண்டும் என்பார்; அப்பாவுக்கு வாழ்நாளில் ஒரே முறை அல்லவா என்பார். மகள் அவ்வளவு பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்பார். இருவர் எண்ணமும் நல்லதே. ஆனால் பிரான்சில் நட்சத்திரம் என்பது அறையின் பரப்பு, வரவேற்பு, வசதிகள் முதலியவற்றை அளந்து தரப்படுவது. கெபியின் தூரத்தை அது அளப்பதில்லை. வாயிலருகே உள்ள தூய்மையான இரண்டு அல்லது மூன்று நட்சத்திர விடுதி, மேட்டில் உள்ள நான்கு நட்சத்திரத்தைவிட இக்குடும்பத்துக்கு உகந்தது.

உணவையும் இத்தோடு முடிவு செய்ய வேண்டும். லூர்து விடுதிகளில் அறையோடு காலை உணவும் ஒருவேளைச் சாப்பாடும் சேர்த்துத் தரும் ஏற்பாடும், மூன்று வேளையும் தரும் ஏற்பாடும் உண்டு. பவனிக்குப் போகிறவர்களை எண்ணி இரவு உணவை ஏழு, ஏழரை மணிக்கே முடித்துவிடுகிற விடுதிகள் பல. சர்க்கரை நோயாளியான தந்தைக்கு வேளை தவறாத உணவு மிக முக்கியம். ஆகவே ஒருவேளைச் சாப்பாடு சேர்ந்த ஏற்பாட்டையே நாம் விரும்புவோம். வாடகைக்கு அடுக்களையுடன் வீடு எடுத்துச் சோறு வடித்துக்கொண்டால் மிச்சமாகும் என்பவர்கள் உண்டு. கணக்கு சரிதான். ஆனால் சோறு வடிப்பவர் யார்? ஐம்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்றவரைப் பொன்விழாவிலும் அங்கேயே நிறுத்துவதற்கா இத்தனை செலவு? மருமகள் சமைப்பார் என்றால், அவர் எப்போது பவனி காண்பது? ஊறுகாயும் பருப்புப் பொடியும் நாக்கு செத்துப்போகாமல் காக்கும். நெய்ப் புட்டியை மட்டும் வீட்டிலேயே விட்டுச் செல்க. வெளிநாட்டுப் பயணிகள் பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரத் தடை உண்டு.

தங்குமிடம் என்ற பேச்சில், லூர்தில் ஓர் அறையைக் காணாமல் திரும்பிவிடக் கூடாது. மேட்டுப் பகுதியில், ஒடுங்கிய தெரு ஒன்றில் 'காஷோ' எனப்படும் இருட்டறை இருக்கிறது. கைதிகளுக்கு உதவாது என்று கைவிடப்பட்ட பழைய சிறைக்கூடம் அது. ஆலைத் தொழில் நொடித்து, வாடகைக்கும் வழியற்றுப்போன சூபிரு குடும்பம் உறவினர் ஒருவரின் இரக்கத்தால் அங்கே ஒண்டியது. தாய், தந்தை, நான்கு பிள்ளைகள் என ஆறு பேருக்கு அந்த ஓர் அறை. பரப்பு ஏறக்குறைய 16 சதுர மீட்டர். ஈரமும் புகையும் மூத்த மகள் பெர்னதெத்தின் ஆஸ்துமாவை வளர்த்தன. அவர் விறகு பொறுக்கக் கெபிப் பக்கம் போனது இந்த அறையிலிருந்துதான். அங்கே போவதற்கு ஏற்றம் உண்டு. தாயை வாடகைக் காரில் அழைத்துச் செல்லுங்கள்.

நடக்கவே இயலாதவரை, அல்லது தொடர்ந்து செவிலிப் பணி தேவைப்படுபவரை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் சாதாரண விடுதியைத் தேடி அலைய வேண்டியதில்லை. திருத்தல எல்லைக்குள்ளேயே, கெபிக்கு எதிர்க்கரையில், 'அக்கேய் நோத்ர் தாம்' என்னும் நோயாளர் இல்லம் 1997 முதல் இயங்கி வருகிறது; நகரில் 'மரி சேன் பிரே' என்னும் மற்றோர் இல்லமும் உண்டு. படுக்கைகள், தாதியர், தொண்டர்கள் என எல்லாம் நோயாளரை எண்ணியே அமைந்தவை. பெரும்பாலும் குழுப் பயணங்களின் வழியாக இடம் தருவார்கள். மருத்துவர் குறிப்புடன் பல மாதங்களுக்கு முன்பே எழுத வேண்டும். திருத்தலத்துக்குள் தரை பெரும்பாலும் சமமானது. நீலக் கூரையிட்ட இழுவண்டிகளில் நோயாளரை அமர்த்தித் தொண்டர்கள் இழுத்துச் செல்வதை எங்கும் காணலாம்.

கையில் பணமில்லாதவர்களுக்கும் லூர்தில் இடம் உண்டு என்பது பலர் அறியாதது. பிரான்சு நாட்டுக் காரித்தாசு அமைப்பான 'செக்கூர் கத்தோலிக்', தன் தலைவர் ழான் ரோடேன் அடிகளாரின் முயற்சியால், 1955-இல் மலைச்சரிவில் 'புனித பேதுரு நகர்' என்னும் இல்லத்தை நிறுவியது. ஏழைகளும் திருப்பயணியாக வரவேண்டும் என்பதே நோக்கம். தங்குபவர் தம்மால் இயன்றதைக் கொடுக்கிறார். செலவு செய்ய முடிந்த குடும்பம் அங்கே மலிவு தேடிப் போவது முறையன்று என்பது நம் எண்ணம்.

எந்த மாதம் போவது? பிப்ரவரி 11 அன்றே அங்கிருக்க வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். அந்நாளில் திருவிழா உண்டு. கடும் குளிரும் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை விடுதிகளில் பெரும்பாலானவை மூடிக் கிடக்கும். நாள்தோறும் நடக்கும் பவனியும் இராது. முதியவர்களுக்கு அது ஏற்றதன்று. ஆகஸ்டு 15-ஐ ஒட்டிப் பிரான்சின் தேசியத் திருப்பயணம், மே மாதத்தில் பல நாட்டுப் படைவீரர் திருப்பயணம், அக்டோபர் தொடக்கத்தில் செபமாலைத் திருப்பயணம் என்று கூட்டம் பெருகும் நாள்கள் உண்டு. அப்போது வாயிலருகே அறை கிடைப்பதே அரிது. சூன் தொடக்கமும் செப்டம்பரும் நம் கணக்கில் நல்லவை. எதுவாயினும் இரண்டு இரவுகளுக்குக் குறையக் கூடாது. மூன்றானால் ஒரு நாள் மழை பெய்தாலும் மனம் சோராது.

சுற்றுலா முகவர் வழியாகக் குழுவோடு போகிறவர்கள் இங்கே விழிப்பாக இருக்க வேண்டும். பயணத் திட்டத்தில் "லூர்து – ஓர் இரவு" என்று மட்டும் இருக்கும். விடுதியோ இருபது கிலோமீட்டர் தள்ளித் தார்ப் நகரில் இருக்கக்கூடும். மாலையில் வந்து, கெபியைத் தொட்டு, இரவு உணவுக்குப் பேருந்தில் ஏறிவிட்டால் பவனி எங்கே? விடுதியின் பெயர், தெரு, பவனி முடியும்வரை பேருந்து நிற்குமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். "அதற்கு நிகரான விடுதி" என்ற சொற்றொடர் திட்டத்தில் இருந்தால், எந்த வகையில் நிகர் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தனியாகப் போகிறவர்கள் விசாவை எண்ணி அறையைப் பதிவு செய்ய வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது தங்குமிடச் சான்றும், குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2024 சூன் முதல் பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் 90 யூரோ; விசா மறுக்கப்பட்டால் அது திரும்பாது. அறைப் பணமும் அத்தோடு போய்விடாதிருக்க, குறித்த நாள்வரை இழப்பின்றி விலக்கிக்கொள்ளும் உரிமையுள்ள பதிவையே தேர்ந்துகொள்க. சில யூரோ கூடுதலாக இருக்கும். அது வீண் செலவன்று. பெரியவர் ஒவ்வொருவருக்கும் இரவொன்றுக்கு ஒரு சிறு நகர வரி உண்டு. அதை விடுதியிலேயே கேட்பார்கள், பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு இல்லை. யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு முழுத்தொகையையும் அனுப்பச் சொல்லிச் செய்தி வந்தால், விடுதியின் தொலைபேசியில் நேரடியாகப் பேசி உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

பாரிசு வழியாகப் போகிறவர்களுக்கு அங்கேயும் ஓர் இரவு தேவை. விமானப் பயணம் முடிந்த அன்றே முதியவர்களை மீண்டும் ஐந்து மணி நேர ரயிலில் ஏற்றுவது கொடுமை. லூர்துக்குச் செல்லும் அதிவேக ரயில் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து புறப்படுகிறது. தமிழ்க் கடைகளும் இட்லி தோசையும் கிடைக்கும் லா ஷப்பேல் பகுதியோ நகரின் வடக்கே, வட ரயில் நிலையத்தருகே இருக்கிறது. ஈழத் தமிழர் வளர்த்த தெரு அது. அங்கே தங்க ஆசை எழும். போகும்போது மோன்பர்னாஸ் நிலையத்தருகே தங்கி, காலையில் பெட்டியை உருட்டிக்கொண்டே ரயிலேறுங்கள். திரும்பும்போது லா ஷப்பேலில் தங்கி வயிறார உண்ணுங்கள். வட நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேர் ரயிலும் உண்டு. நகருக்குள் சுரங்க ரயிலில் படிகள் மிகுதி. தாயோடு போகும்போது வாடகைக் காரே துணை.

லூர்து விடுதிக்குச் சென்று சேர்ந்தவுடன் அதன் பெயரும் தெருவும் அச்சிட்ட அட்டைகளை வரவேற்பறையில் கேட்டு வாங்கி, ஆளுக்கொன்றாக எல்லோர் பையிலும் போட்டுவிடுங்கள். பவனி கலையும் நேரத்தில் கூட்டம் நான்கு பக்கமும் பிரியும். கைப்பிடி நழுவுவது எளிது. செபமாலை ஆலயத்தின் எதிரே முடிசூடிய அன்னையின் சுரூபம் உயர்ந்து நிற்கிறது. பிரிந்துபோனால் அதன் அடியில் வந்து நிற்பது என்று முதல்நாள் பகலிலேயே தாய் தந்தையருக்கு அந்த இடத்தைக் காட்டிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.